போர்டில் எங்கள் ஊர்

போன வருடம் ஆடி மாதம் அப்பாவும் அம்மாவும் சென்னை வந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பழைய மகாபலிபுரம் சாலையில் என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் உணவகத்துக்கு அவர்களை அழைத்துப்போனேன். ‘நம் மண்ணின் உணவு’ வகைக் கடை. மண்பானை, பனை ஓலைத் தட்டி, செம்பு டம்ளர், பின்னணியில் நாதஸ்வரம் எல்லாம் உண்டு. ஓர் இலைச் சாப்பாட்டின் விலையைச் சொன்னால் அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள் என்பதால் மெனு கார்டை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

கை கழுவும் இடத்துக்கு எதிரே ஒரு பெரிய கரும்பலகை. உண்மையான கரும்பலகை அல்ல, சாக்பீஸில் எழுதியதுபோல அச்சடிக்கப்பட்ட போர்டு. எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று வரிசையாக இருந்தது. கை கழுவப்போன அப்பா திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான்காவது வரியில் ‘தூயமல்லி அரிசி, இயற்கை விவசாயம், மன்னார்குடி’ என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் எங்கள் ஊர்ப் பெயர்.

எங்கள் ஊரில் அப்போது தூயமல்லி போட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்.

“போன தைக்கு முந்தின தையில ஒரு பையன் பைக்ல வந்தான் தம்பி. சென்னையில கடை வைக்கப்போறோம்னான். ரெண்டு மூட்டை அரிசி வாங்கிட்டுப்போனான். காசெல்லாம் கரெக்டா குடுத்துட்டான்” என்றார்.

“அப்புறம்?”

“அப்புறம் வரல.”

இலை போட்டார்கள். அப்பா சோற்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். வாயில் போட்டு மென்றார். எங்கள் அரிசிக்கு ஒரு பாலிஷ்தான் போடுவோம், அது வெள்ளை வெளேர் என்று வராது. இலையில் இருந்தது பல்பொடி வெள்ளை. “ஆந்திரா பொன்னி” என்று மட்டும் சொன்னார். பிறகு குழம்பு ஊற்றச் சொன்னார்.

சர்வர் தம்பியிடம் கேட்டேன், இது என்ன அரிசி என்று. “பொன்னி சார். நம்ம ஊரு பொன்னிதான்” என்றான். பாவம், அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று இரவு எனக்குக் கோபமாக இருந்தது. கோபம் வந்தால் நான் செய்வது ஒன்றுதான், தேடிப் படிப்பது. எங்கே தவறு நடந்தது என்று லாக் ஃபைலைப் பின்னோக்கிப் படிக்கிற தொழில் புத்தி. ‘நம்ம ஊரு பொன்னி’ என்ற இரண்டு வார்த்தையிலிருந்து பின்னால் போக ஆரம்பித்தேன். அது என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் கட்டாக்.

வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு, 1946-ல் ஒடிசாவின் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கே. ராமையா. அதற்கு முன் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். 1950களில் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பின் ஆதரவில் அங்கே ஒரு பெரிய திட்டம் நடந்தது. ஜப்பானிய வகை நெல் உரம் போட்டால் சாயாமல் விளைச்சல் கொடுக்கும். நம் வெப்ப நாட்டு நெல் உயரமாக வளர்ந்து, உரம் அதிகமானால் சாய்ந்துவிடும். இரண்டையும் கலந்து பார்ப்பது என்று முடிவு. பல நாடுகளின் ரகங்கள் கட்டாக்கில் கலக்கப்பட்டு, விதைகள் அந்தந்த நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

அப்படி மலாயாவின் ‘மாயாங் எபோஸ் 80’ என்ற நெல்லும், தைவானின் ‘தைச்சுங் 65’ என்ற நெல்லும் கலந்து பிறந்த ரகம் 1965-ல் மலேசியாவில் வெளியானது. பெயர் மசூரி. அந்தப் பெயரில் லங்காவித் தீவில் ஒரு பெண்ணின் கதை உண்டு. இந்த மசூரி இந்தியாவுக்கு வந்து வயல் வயலாகப் பரவியது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகத்தைத்தான் 1986-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ‘வெள்ளைப் பொன்னி’ என்று வெளியிட்டது. பொன்னி என்றால் காவிரி. காவிரியின் பெயரைத் தாங்கிய, தமிழ்நாட்டுச் சோற்றுக்கே மறுபெயரான அரிசிக்கு அப்பா தைவான், அம்மா மலாயா, பிரசவம் ஒடிசா. பிற்பாடு மலேசியாவில் ஒரு நிறுவனம் ‘பொன்னி’ என்ற பெயரைத் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொள்ள, இந்திய அரசு நிறுவனம் அங்கே நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றுத் திரும்பிய கதையும் இருக்கிறது.

சரி, அப்பா ‘ஆந்திரா பொன்னி’ என்று ஒதுக்கினாரே, அது? அதன் அதிகாரப்பூர்வப் பெயர் பி.பி.டி. 5204, சம்பா மசூரி. ஆந்திராவின் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, அதுவும் அதே 1986-ல் வெளிவந்தது. அதன் பெற்றோரில் ஒன்று மசூரி, இன்னொன்று தைவானின் குட்டை ரகம். மூன்றாவது ஜி.இ.பி. 24. கோயம்புத்தூர் நிலையத்தில், கோணாமணி என்ற உள்ளூர் நெல்லிலிருந்து 1921-ல் கண்டெடுக்கப்பட்ட ரகம் அது. கடைகளில் கிச்சிலிச் சம்பா என்ற பெயரில் அது பிரபலமாக இருந்தது. ஆக, ரத்த உறவு பார்த்தால், அப்பா அந்நியம் என்று ஒதுக்கிய அரிசியில் கோயம்புத்தூர் இருக்கிறது. ‘நம்ம’ பொன்னியில் தமிழ்நாடு இல்லை.

இதைப் படித்து முடித்தபோது என் கோபம் கொஞ்சம் தடுமாறிப்போனது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ‘லோக்கல்’ என்று நாம் சொல்வது விதையின் ஊரையா, விளைந்த வயலின் ஊரையா, சமைத்த அடுப்பின் ஊரையா? யோசித்துப் பார்த்தால் இந்தக் கேள்வியை வெளியே சாப்பிடுகிறவன் கேட்க ஆரம்பித்ததே சமீபத்தில்தான். ஒருகாலத்தில் அது பெயரிலேயே இருந்தது. திண்டுக்கல்லில் 1957-ல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய பிரியாணிக் கடை, பின்னாளில் தலப்பாக்கட்டி ஆனது, சீரகச் சம்பாவில்தான் பிரியாணி போட்டது. ஆம்பூரிலும் சீரகச் சம்பாதான். அந்தக் கடைகளில் யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. அரிசியை மாற்றினால் பிரியாணியே மாறிவிடும், சாப்பிடுகிறவன் முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். அவன் நாக்குதான் ஆடிட்டர். வெறும் சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை. சாம்பார் ஊற்றிய பிறகு என்னைப் போன்றவனால் எந்த அரிசியையும் அடையாளம் சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் காலத்திலும் எல்லோரும் உள்ளூர் அரிசி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1930களில் சென்னை மாகாணத்துக்குப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பல் கப்பலாக அரிசி வந்தது. மலிவாக இருந்தது. விலை போகவில்லை என்று தஞ்சாவூர் மிராசுதார்கள் புலம்பினார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியர்கள் ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் கப்பல்கள் நின்றன. அடுத்த வருடமே சென்னை நகரத்தில் ரேஷன் வந்தது. ஹோட்டல் மெனு மாறியது. ரவா இட்லி தங்கள் கடையில் அந்த அரிசித் தட்டுப்பாட்டில்தான் பிறந்தது என்று பெங்களூரின் எம்.டி.ஆர். இன்றுவரை சொல்லிவருகிறது. இன்று பாரம்பரியம் என்று நாம் நினைத்துச் சாப்பிடும் ஒரு பலகாரம், ரங்கூன் விழுந்ததால் வந்தது.

பிறகு வந்ததுதான் எனக்கு மிகவும் ஆச்சரியம். உள்ளூர் அரிசியை மட்டும் சாப்பிடுவது இந்த நாட்டில் சட்டமாகவே இருந்திருக்கிறது. 1957-ல் ஆந்திரா, சென்னை, மைசூர், கேரளா நான்கையும் சேர்த்துத் தென்மண்டலம் என்று ஒன்றை அமைத்தார்கள். அரிசி அந்த மண்டலத்தைத் தாண்டித் தனியார் கையில் போகக்கூடாது. 1964-ல் அதையும் உடைத்து ஒவ்வொரு மாநிலமும் ஒரு மண்டலம் என்றார்கள். தஞ்சாவூர் உபரி மாவட்டம், கேரளா பற்றாக்குறை மாநிலம். இடையில் செக்போஸ்ட். அரிசி கடத்தல் பொருளானது. அப்பாவுக்கு இது புத்தக விஷயமில்லை. “பஸ்ஸை நிறுத்தி ஏறி, சீட்டுக்கு அடியில எல்லாம் கம்பால குத்திப் பாப்பான். உங்க அத்தை கல்யாணம் ஆகிப்போன ஊருக்கு அரிசி கொண்டுபோக எங்க அம்மா துணி மூட்டைக்குள்ள வெச்சுக் கட்டும்” என்றார்.

1965-ல் பிரதமர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொல்லிக் கேட்டபோது, பல ஊர்களில் திங்கட்கிழமை மாலை ஹோட்டல்களே மூடிக்கிடந்தன. அரிசி விலையும் அரிசித் தட்டுப்பாடும் 1967-ல் தமிழ்நாட்டில் ஆட்சியை மாற்றிய காரணங்களில் ஒன்று. ஒரு ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதி எதற்காக அவ்வளவு எடுபட்டது என்பதை, இன்று ‘ஆர்கானிக்’ மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு புரிந்துகொள்வது கஷ்டம். அன்றைக்கு ஜனங்கள் அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. வருகிறதா என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் ஆடுதுறை 27. கட்டாக் திட்டத்தின் இன்னொரு பிள்ளை. ஜப்பானின் நோரின் 10, கோவையின் ஜி.இ.பி. 24 இரண்டின் கலப்பு. 1960களின் நடுவில், தஞ்சாவூர் மாவட்டத்தில் நடந்துகொண்டிருந்த தீவிர வேளாண்மைத் திட்டத்தோடு சேர்ந்து வயலுக்கு வந்தது. அப்பாவுக்கு அப்போது பத்து வயது. தாத்தா முதலில் கால் ஏக்கரில் பயந்து பயந்து போட்டாராம். அறுத்துக் களத்தில் அளந்தபோது, மூட்டை தைக்கக் கோணி போதாமல் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினார்களாம். அந்தக் கோணிக் கதையை அப்பா சொல்லும்போது இப்போதும் முகம் மலரும். அடுத்த வருடம் குறுவை முழுக்க அதுதான். குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வர, நெல் கதிரிலேயே முளைத்தது என்பதும், அதற்கு முன் வீட்டில் இருந்த விதைக் கோட்டைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி அந்த இடத்தில் யூரியா மூட்டை வந்தது என்பதும் அதே கதையின் பின்பாதி. ஆனால் அதைச் சொல்லும்போதும் தாத்தா செய்தது தப்பு என்று அப்பா ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த உணவகத்தின் மெனு கார்டில் ‘உங்கள் தாத்தா சாப்பிட்ட சாப்பாடு’ என்று ஒரு வரி இருந்தது. யாருடைய தாத்தா? எங்கள் தாத்தாவுக்கு நிலம் இருந்தது, சாப்பிட்டிருப்பார். அவர் வயலில் இறங்கியவர்களின் பேரன்கள் இன்று என்னோடு இதே சாலையில் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் விளைவித்த சம்பா அவர்கள் வீட்டு அடுப்புக்கு எப்போதாவது ஒரு நாள் போயிருக்கும். கூழும் பழையதும்தான் மற்ற நாட்கள். நெல் இரட்டிப்பாக விளைந்த அந்த ஆண்டுகளில் கூலியை உயர்த்திக் கேட்டதன் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. பாரம்பரிய நெல்லின் மேல் எனக்கு ஆசை உண்டு. அந்த நெல் விளைந்த காலத்தின் மேல் எனக்கு ஏக்கம் எதுவும் இல்லை. மெனு கார்டுகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கின்றன.

அப்பா தூயமல்லிக்குத் திரும்பியது ஏக்கத்தால் அல்ல, ஆர்வத்தால்தான் என்று நினைக்கிறேன். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்கு யாரோ கூப்பிட்டார்கள் என்று போனார். நம்மாழ்வாரின் மாணவரான ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தவர். 2018 டிசம்பரில் புற்றுநோயால் இறந்துபோனார். அவருடைய ஏற்பாடு எளிமையானது. வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசம். அடுத்த வருடம் அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். பெயர், ஊர், வாங்கிய ரகம் எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம். நான் வேலை செய்யும் இடத்தில் பொருட்களின் பயணத்தைத் தடமறியும் மென்பொருளை எழுதுகிறோம். ஒரு அட்டைப்பெட்டி எந்தக் கிடங்கிலிருந்து எப்போது கிளம்பியது என்று சொல்ல நாற்பது பேர் வேலை செய்கிறோம். அந்த நோட்டுப் புத்தகம் அதே வேலையைத்தான் செய்தது. எங்கள் மென்பொருள் திருப்பித் தரச் சொல்லிக் கேட்காது என்பதுதான் வித்தியாசம்.

அப்பா இரண்டு கிலோ வாங்கி, நான்கு கிலோ திருப்பிக் கொடுத்தார். மெல்ல மெல்ல ஒரு ஏக்கர் தூயமல்லி ஆனது. பூச்சிமருந்து கிடையாது, யூரியா கிடையாது. சாணம், எருக்கு, வேப்பம்புண்ணாக்கு, பஞ்சகவ்யம்.

அந்த ஒரு ஏக்கரில் பையன் பைக்கில் வந்த வருடம் 16 மூட்டை நெல். மூட்டை 60 கிலோ. மொத்தம் 960 கிலோ. அரைத்தால் அரிசி சுமார் 600 கிலோ. (மற்ற நிலத்தில் அதே ஒரு ஏக்கரில் நவீன ரகம் 30 மூட்டைக்குக் குறையாது. அம்மா இதை வாரம் ஒருமுறை நினைவூட்டுவாள்.) அதில் பாதி வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும். அந்தப் பையன் வாங்கியது 150 கிலோ. மிச்சம் நெல்லாகவே அரசுக் கொள்முதல் நிலையத்துக்குப் போனது. அங்கே இருக்கும் படிவத்தில் இரண்டே பெயர்கள்: சன்ன ரகம், பொது ரகம். தூயமல்லி என்று எழுத இடமில்லை. மருந்தடிக்காதது என்று எழுதவும் இடமில்லை. எல்லா நெல்லோடும் சேர்ந்து குவியலில் விழுந்து, எங்கோ அரைபட்டு, ஏதோ ஒரு ரேஷன் கடைக்குப் போயிருக்கும். ஓ.எம்.ஆர். உணவகத்தில் அவ்வளவு காசு கொடுத்து நாங்கள் சாப்பிடாத இயற்கை அரிசியை, யாரோ ஒரு பாட்டி ரேஷன் கார்டைக் காட்டி இலவசமாக வாங்கி, அது என்ன என்றே தெரியாமல் வடித்து இறக்கியிருப்பாள். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் நிம்மதியும் வருகிறது.

சான்றிதழ் வாங்கவேண்டியதுதானே என்று நண்பர்கள் கேட்டார்கள். இந்தியாவில் வழிகள் இருக்கின்றன. 2001 வாக்கில் ஏற்றுமதியை மனதில் வைத்து வந்த தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம் ஒன்று. வெளி நிறுவனம் வந்து சோதித்துச் சான்று தரும். இன்னொன்று பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும். 2017-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ‘ஜைவிக் பாரத்’ என்ற பச்சைச் சின்னத்தைக் கொண்டுவந்தது. கடையில் வாங்கும் பொட்டலத்தில் அதைப் பார்க்கலாம். எங்கள் ஊரில் ஐந்து பேர் இல்லை என்பது அப்பாவின் பிரச்சினை. வெளியே சாப்பிடுகிறவனின் பிரச்சினை வேறு. அந்தச் சின்னம் பொட்டலத்தோடு சமையலறை வாசலில் நின்றுவிடும். பொட்டலத்தைப் பிரித்து அண்டாவில் கொட்டிய பிறகு எல்லாம் சோறு. இலைக்கு லேபிள் ஒட்ட முடியாது.

இலைக்கும் லேபிள் ஒட்டிக் காட்டுகிறேன் என்று ஒருவர் கிளம்பியது அமெரிக்காவில். வாஷிங்டனில் 1979-லிருந்து உணவகம் நடத்திய நோரா பூயோன், தன் சமையலறைக்கே இயற்கை உணவுச் சான்றிதழ் வேண்டும் என்றார். விவசாயிக்குச் சான்று தரும் அமைப்புகள் இருந்தன, உணவகத்துக்கு அப்படியொரு விதிமுறையே அப்போது இல்லை. ஒரு சான்றளிப்பு அமைப்போடு உட்கார்ந்து விதிகளை எழுதவைத்து, உள்ளே வரும் பொருளில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் சான்று பெற்றது என்று எண்ணெயிலிருந்து காபி வரை ஒவ்வொன்றுக்கும் காகிதம் காட்டி, 1999-ல் சான்றிதழ் வாங்கினார். அமெரிக்காவில் அப்படி வாங்கிய முதல் உணவகம் அது. 2017-ல் அவர் ஓய்வுபெற்றதும் கடை மூடப்பட்டது. 2002-ல் அமெரிக்க அரசின் இயற்கை உணவு விதிகள் முழுதாக நடைமுறைக்கு வந்தபோதும், உணவகங்கள் சான்று பெற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வரவில்லை. அதனால் அந்தக் காகிதங்களைச் சுமக்க வேறு பலருக்குக் காரணமும் இல்லை.

அந்த இடைவெளியில் என்ன விளைந்தது என்பதை 2016-ல் ஃப்ளோரிடாவின் டாம்பா பே டைம்ஸ் பத்திரிகையில் லாரா ரெய்லி எழுதினார். உணவு விமர்சகர். ஊரில் ‘பண்ணையிலிருந்து மேசைக்கு’ என்று எழுதியிருந்த உணவகங்களின் மெனுக்களை எடுத்துக்கொண்டார். அதில் பெயர் போட்டிருந்த பண்ணைகளுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் செய்து, நீங்கள் இந்தக் கடைக்குச் சரக்கு தருகிறீர்களா என்று கேட்டார். மீனைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி மரபணு பார்த்தார். எப்போதோ ஒருமுறை தந்தோம், இப்போது இல்லை என்ற பதில்கள் அதில் வருகின்றன. தந்ததே இல்லை என்பதும் வருகிறது. அந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தபோது, பண்ணைக்காரர் ஒவ்வொருவரின் குரலும் எனக்கு ஏனோ மன்னார்குடித் தமிழில்தான் கேட்டது. “அப்புறம் வரல.”

அடுத்த வாரம் நான் தனியாக அந்தக் கடைக்குப் போகலாம் என்றிருந்தேன். அப்பா விடவில்லை, தானும் வருகிறேன் என்றார். மேலாளர் என் வயதுதான் இருப்பார். நான் என்னென்னவோ தயார்செய்து போயிருந்தேன். போர்டைக் காட்டி, “இவருதான் அந்த விவசாயி” என்றதும் அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். அப்பாவுக்கு நாற்காலி போட்டார். “ஐயா, மன்னிச்சுக்கங்க. கடை ஆரம்பிச்சப்ப டிசைன் பண்ணவங்க அடிச்சுக் குடுத்த போர்டு. அப்ப வாங்கினது உண்மைதான். அப்புறம் ரெகுலரா கிடைக்கல, அப்படியே விட்டுட்டோம். நாளைக்கே எடுத்துடறோம்” என்றார். நிரலில் யாரோ ஒருமுறை ஹார்ட்கோட் செய்த ஒரு வரி, அதன் பின்னால் இருந்த தரவு போன பிறகும் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். நானே அப்படி எழுதியிருக்கிறேன். அவரைத் திட்ட வாய் வரவில்லை.

அப்பா கேட்ட கேள்வி வேறு. “ஒரு நாளைக்கு எத்தனை இலைங்க போகுது?”

“நூத்தம்பதுக்குக் குறையாதுங்க ஐயா.”

நான் ஃபோனை எடுத்தேன். ஓர் இலைக்கு 150 கிராம் அரிசி. ஒரு நாளுக்கு 22.5 கிலோ. அப்பா கொடுத்த இரண்டு மூட்டை ஏழு நாளைக்குக்கூட வந்திருக்காது. எங்கள் ஏக்கர் முழுவதும் கொடுத்தாலும் ஒரு மாதம் ஓடாது. வருடம் முழுக்க அந்த போர்டு உண்மையாக இருக்க வேண்டும் என்றால் 14 ஏக்கர் தூயமல்லி வேண்டும். அது சோற்றுக்கு மட்டும், இட்லி, தோசை தனி. தூயமல்லி சம்பா பட்டத்தில்தான் போடமுடியும், அறுப்பு தையில். அதாவது தை மாதத்தில் எட்டு டன் அரிசிக்குப் பணம் கொடுத்து, பூச்சி வராமல் வருடம் முழுக்க வைத்திருக்க வேண்டும். மாதத்துக்கு மாதம் கணக்கு முடிக்கும் கடைக்கு இது நடக்கிற காரியமா? மேலாளர் என் ஃபோன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் யாரும் இந்தக் கணக்கை அதுவரை போட்டுக்காட்டவில்லை என்று தோன்றியது.

இப்போதெல்லாம் இந்த மாதிரிக் கடைக்குப் போனால் என்ன இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. எது இல்லை என்று கேட்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகுகள் மட்டும் கரையோரம் போகும். அந்த அறுபத்தொரு நாளும் வஞ்சிரம் தடையில்லாமல், அதே தடிமனில், அதே விலையில் கிடைக்கும் கடையில் ‘இன்றைய கடல்’ என்று எழுதியிருந்தால் அது எந்தக் கடல் என்று யோசிக்கிறேன். திருவாரூர் பக்கம் ஒரு மெஸ்ஸில், “இன்னைக்குக் கீரை வரல, அந்தப் பாட்டிக்குக் காய்ச்சல்” என்றார்கள். அங்கே போர்டு எதுவும் இல்லை. சோறு ஆந்திரா பொன்னிதான், அவர்களே சொன்னார்கள். கீரை மட்டும் எந்தக் கொல்லையிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். போகும் போதெல்லாம் பாட்டிக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறேன்.

மேலாளரிடம் அப்பா, “போர்டை எடுக்கவேணாம். இன்னும் நாலு பேரைப் போடச் சொல்றேன். அஞ்சு பேரானா ஏதோ சர்டிபிகேட்டும் குடுக்கறாங்களாம், தம்பி சொன்னான். நீங்க எவ்வளவு எடுத்துப்பீங்கன்னு மட்டும் ஆவணிக்குள்ள சொல்லுங்க, நாத்து விடணும்” என்றார். நம்பர் கொடுத்தார். அவர் வாங்கிச் சேமித்துக்கொண்டார், மரியாதையாகத்தான். டீ வரவழைத்தார். காசு வாங்கவில்லை.

கிளம்பும்போது அப்பா போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ஒரு ஃபோட்டோ எடு என்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஊர்ப் பெயர் தெரியணும், கொஞ்சம் தள்ளி நின்னு எடு என்றார். எடுத்தேன்.

ஆவணி போனது, ஃபோன் வரவில்லை. அப்பா வழக்கம்போல் ஒரு ஏக்கருக்கு மட்டும் நாற்று விட்டார். நால்வரில் ஒருவர் மட்டும் அரை ஏக்கர் போட்டுப் பார்க்கிறேன் என்று விதை வாங்கிப்போனார். போர்டு இன்னும் இருக்கிறது, நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். அந்த ஃபோட்டோவை அப்பா ஊருக்குப் போனதுமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். கீழே சித்தப்பா, “சென்னையில நம்ம அரிசியா! சாப்பாடு எப்படி இருக்கு?” என்று கேட்டிருந்தார்.

“பரவாயில்ல. குழம்பு நல்லா இருந்துச்சு” என்று அப்பா பதில் போட்டிருந்தார்.